ஆளே வராத நிகழ்ச்சிக்கு நான்தான் பொறுப்பா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்திருக்கிறேன். பி.ஏ. முடித்த பிறகு முதல் வேலை. எஸ்டேட் லைன்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிள்ளைகளுக்கு விளையாட்டு, பெண்களுக்குக் கலை நிகழ்ச்சி நடத்த வேண்டும். உண்மையில் நான் செய்வது ஹால் சாவி வாங்குவது, நாற்காலி எண்ணுவது, போன் போடுவது. மாலை ஐந்தரைக்குப் பெண்களைக் கூப்பிட்டால் நான்கு பேர் வருகிறார்கள். மேலதிகாரி என்னைத்தான் கேட்கிறார். சில நாள் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு ஜீப்பில் திரும்புகிறேன். 'பிள்ளைங்களுக்கு விளையாட்டு காட்டறதுக்கு ஒரு சம்பளமா' என்று உறவுக்காரர்கள் சிரிக்கிறார்கள். விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், கோத்தகிரி

பதில்: விட வேண்டாம், தங்கச்சி. வருகிற ஜனவரி வரைக்குமாவது இருங்கள். ஏன் ஜனவரி என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சாவி, நாற்காலி, போன் எல்லாம் இந்த வேலையில் புதிதாகச் சேருகிற யாருக்கும் உள்ளதுதான். எனக்கு உறுத்தியது அந்த ஐந்தரை மணி. அதை யார் வைத்தது? தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண் சாயங்காலம் வரிசையில் நின்று எடை போட்டு, கிலோவை எழுதிக்கொண்ட பிறகுதான் லைனுக்குத் திரும்புவார். அப்புறம் தண்ணீர், விறகு, அடுப்பு, பிள்ளை. அதற்குள் இருட்டிவிடும். கரடியும் காட்டெருமையும் நடமாடுகிற பாதையில், கும்மியடித்துவிட்டு ஏழு மணிக்கு யார் தனியாகத் திரும்புவார்கள்? வந்த நான்கு பேரும் ஹாலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களாகத்தான் இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.

'என்ன நிகழ்ச்சி வேணும்?' என்று அவர்களிடம் கேட்காதீர்கள். 'எது வெச்சாலும் சரிம்மா' என்பார்கள், வரமாட்டார்கள். எப்போது கை ஓயும், ஓய்ந்தால் எங்கே உட்காருவீர்கள் என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போட்டுவிட்டு வெயிலுக்கு ஒரு திண்ணையில் கூடுகிறார்கள் என்றால், உங்கள் ஹால் அதுதான். சாவி வாங்குகிற வேலையும் மிச்சம்.

அடுத்தது ஆண்டு அட்டவணை. அதைக் கீழே சமவெளியில் உட்கார்ந்து போட்டிருந்தால் அக்டோபர், நவம்பரில் விளையாட்டு விழா இருக்கும். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. எந்த வளைவில் மண் சரிந்தது என்று விசாரித்துக்கொண்டு பஸ் ஏறுகிற மாதங்கள் அவை. கூடலூர், பந்தலூரில் நேர்மாறு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே வெளியில் எதுவும் வைக்க முடியாது. ஒரே மாவட்டம்தான், ஆனால் இரண்டு அட்டவணை வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்தும் அதிகம், கண்காட்சிகளுக்கு வருகிற கூட்டமும் அதிகம். வேன் கேட்டால் சீசன் வாடகை சொல்வார்கள். ஜனவரி, பிப்ரவரியில் காலையில் உறைபனி இருந்தாலும் பகலில் நல்ல வெயில், கொழுந்தும் குறைவு. உங்கள் மாதங்கள் அவைதான். மார்ச் வந்தால் பிள்ளைகள் பரீட்சைக்குப் போய்விடுவார்கள்.

சாமான் வாங்குவதிலும் மலை ஞாபகம் இருக்கட்டும். சரிவில் கிரிக்கெட் வைத்தால் பாதி நேரம் தேயிலைச் செடிக்குள் பந்து தேடுவதிலேயே போகும். சிறுத்தை நடமாடுகிற ஊரில் அது நல்லதும் இல்லை. கபடி, கோ-கோ போதும். கேரம் போர்டைத் திறந்த ஹாலில் மூடுபனிக்கு விட்டால் பலகை வளைந்துவிடும். போரிக் பவுடர் ஈரத்தில் கட்டிகட்டியாகி, ஸ்ட்ரைக்கர் பாதியிலேயே நின்றுவிடும். பவுடருக்கு இறுக்கமான மூடியுள்ள டப்பா வாங்குங்கள்.

மேலதிகாரி விஷயத்துக்கு வருகிறேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். ஆள் குறைந்த நாளில் காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள்: 'மழை', 'சம்பள நாள்', 'லைன் பக்கம் கரடி', 'ஊரில் சாவு'. மூன்று மாதம் எழுதிவிட்டு அதை அவர் மேஜையில் விரியுங்கள். 'ஆள் வரலை சார்' என்று வாயால் சொன்னால் உங்கள் குறையாகப் படும்; அந்தப் பக்கங்களைப் பார்த்தால் நேரம் வைத்ததில் உள்ள குறை தெரியும். அப்போதும் அசையவில்லையென்றால், ஒரே ஒரு லைனில் மட்டும் நேரத்தை மாற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். அதற்கு யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள்.

சிரிக்கிற உறவுக்காரர்களிடம் ஒரு செய்தி சொல்லலாம். 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் மருத்துவம், பள்ளி, குடியிருப்பு இவற்றோடு பொழுதுபோக்கு வசதிக்கும் தனிப் பிரிவு இருந்தது, 13-ஆவது பிரிவு. சொன்னாலும் சிரிப்பார்கள், அது வேறு விஷயம்.

நிகழ்ச்சி முடிந்ததும் எந்தப் பிள்ளையை யார் கூட்டிப்போகிறார்கள் என்பதில் மட்டும் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். கடைசிப் பிள்ளை போகும்வரை நீங்கள் நிற்கத்தான் வேண்டும். அதனால் உங்கள் பஸ் போய்விடும் என்றால் நிகழ்ச்சியை முன்கூட்டியே முடிக்க வேண்டும், இல்லையென்றால் நிறுவனம் ஜீப் வைக்க வேண்டும். இதுவரை ஜீப்புக்கு நீங்கள்தான் காசு கொடுத்தீர்கள் போலிருக்கிறது. தேதி, ஊர், தொகை எழுதி இந்த மாதமே மின்னஞ்சலில் கேளுங்கள். நேரில் கேட்டால் 'பார்க்கலாம்மா' என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.