மஸ்கட்டீனின் பட்டன்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

மகன் குடும்பத்தோடு சிகாகோவிலிருந்து காரில் அயோவாவுக்குள் போகும்போது, மிசிசிப்பிக் கரையில் மஸ்கட்டீன் என்ற ஊரில் சாப்பிட நிறுத்தினோம். ஆற்றங்கரையில் பேரன் ஒரு சிப்பி ஓட்டைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். அதில் வட்ட வட்டமாக மூன்று ஓட்டைகள், மிஷினால் வெட்டியது போல அத்தனை சுத்தமாக. கடையில் விசாரித்தால், "ஒரு காலத்தில் உலகத்துக்கே நாங்கள்தான் பட்டன் செய்து கொடுத்தோம், பிளாஸ்டிக் வந்து எல்லாம் முடிந்தது" என்றார்கள். ஷி ஜின்பிங் 1985-இல் சாதாரண அதிகாரியாக வந்து தங்கிய ஊர் என்பது மட்டும்தான் எனக்கு முன்பே தெரியும். ஆற்றுச் சிப்பியில் பட்டன் செய்வார்களா? பிளாஸ்டிக்தான் அந்தத் தொழிலை முடித்ததா? பட்டனைத் தவிர அந்த ஊருக்கு வேறு வரலாறு உண்டா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் பேரன் எடுத்தது அந்த ஊரின் சரித்திரத்தையேதான். பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஜான் போப்பிள் என்ற ஜெர்மன்காரர் ஹாம்பர்க் பக்கத்தில் கொம்பிலும் சிப்பியிலும் பட்டன் கடைந்துகொண்டிருந்தவர். 1887-இல் அமெரிக்கா வந்தார். மிசிசிப்பியிலும் அதன் துணை ஆறுகளிலும் கனமான ஓடுள்ள சிப்பிகள் கும்பல் கும்பலாகக் கிடந்தன. ஓட்டின் உள்பக்கம் கடல் சிப்பிக்குச் சமமாகப் பளபளக்கும். ஆனால் சரக்கு மட்டும் இருந்தால் போதாதே. 1890-இல் மெக்கின்லி வரிச் சட்டம் வந்து, வெளிநாட்டுப் பட்டன்களின் விலை ஏறியது. அடுத்த வருடமே போப்பிள் மஸ்கட்டீனில் கடை போட்டார். 1905 வாக்கில் அந்த ஊரிலிருந்து வருடத்துக்கு சுமார் 150 கோடி பட்டன்கள் போயின. உலகத்தில் செய்யப்பட்ட பட்டன்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 1900-இல் அந்த ஊர் ஜனத்தொகை 14,000 சொச்சம்தான்.

சிப்பி பிடிக்கும் முறையைக் கேளுங்கள். நீளமான கம்பியில் வரிசையாகக் கயிறுகள், ஒவ்வொரு கயிற்றிலும் நாலு முனைக் கொக்கிகள். இதைப் படகிலிருந்து இறக்கி, ஆற்றின் போக்கிலேயே அடிமண்ணில் இழுத்துக்கொண்டு போவார்கள். சிப்பி வாயைத் திறந்து தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருக்கும். கொக்கி பட்டதும் சட்டென்று மூடிக்கொள்ளும், பிறகு விடாது. தற்காப்புக்கென்று அதற்கு இருந்த ஒரே வழக்கமே அதைப் பிடித்துக் கொடுத்தது. கரையில் பெரிய தொட்டிகளில் அவித்துச் சதையை எடுப்பார்கள். முத்து இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, சதையைப் பன்றிகளுக்குப் போடுவார்கள்.

ஓடுகள் அப்புறம் ஆலைக்குப் போகும். காய்ந்த ஓடு வெட்டும்போது உடையும் என்பதால் பல நாள் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். வெட்டுபவர் சிப்பி ஓட்டை ஒரு கையால் பிடித்து, சுழலும் குழாய் ரம்பத்தில் வைத்து அழுத்துவார். வட்டமாக ஒரு வில்லை விழும், ஓட்டில் ஓட்டை நிற்கும். உங்கள் பேரன் பார்த்த மூன்று ஓட்டைகள் மூன்று பட்டன்கள். மிச்சமான ஓடுகளைச் சாலைக்குக் கொட்டினார்கள், கோழிகளுக்கு இடித்துப் போட்டார்கள். அப்படியும் தீராமல் கரையில் கிடக்கிறது. வெட்டுவது ஆண்கள் வேலை. தேய்த்து ஓட்டை போடும் மிஷின்களில் பெரும்பாலும் பெண்கள். பட்டன்களை அட்டையில் தைக்கும் வேலை வீட்டுக்கே போகும், பிள்ளைகளும் உட்கார்ந்து தைப்பார்கள். தூசி, ஈரம், அறுபடும் விரல்கள், அதன் மேல் எண்ணிக்கையில் ஏமாற்றுகிறார்கள் என்ற குறை. தொழிலாளர்கள் சங்கம் சேர்ந்ததும் 1911 பிப்ரவரியில் முதலாளிகள் ஆலைகளைப் பூட்டிவிட்டார்கள். ஆளுநர் படையை அனுப்பும் அளவுக்கு முற்றியது. அந்தப் போராட்டத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பணம் திரட்டியவர் பேர்ல் மெக்கில் என்ற ஆலைத் தொழிலாளி. இருபது வயதுகூட ஆகாத பெண். போப்பிளைப் பற்றிச் சொல்லும் யாரும் அவளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

சரி, பிளாஸ்டிக்குக்கு வருகிறேன். கடையில் சொன்னது பாதி உண்மைதான். பிளாஸ்டிக் வந்தது, ஜிப் வந்தது, சலவை இயந்திரத்துக்குச் சிப்பிப் பட்டன் தாங்கவில்லை. 1960களோடு சிப்பி வெட்டும் வேலை அநேகமாக நின்றுபோனது. ஆனால் அதற்கு ரொம்ப முன்பே ஆறு காலியாகிவிட்டது. மஸ்கட்டீனுக்குக் கீழே, எதிர்க்கரையில் இருக்கிற நியூ பாஸ்டன் அருகே ஒரே ஒரு சிப்பிப் படுகையிலிருந்து மட்டும் 1890களின் நடுவில் மூன்றே வருடத்தில் சுமார் 10,000 டன் அள்ளினார்கள். பல வருடம் வளர்ந்தால்தான் பட்டனுக்கு ஆகும் பிராணி அது. பக்கத்துப் படுகைகள் தீர்ந்ததும் இல்லினாய்ஸ் ஆறு, அர்கன்சாஸ் பக்கத்து ஆறுகள் என்று தள்ளித் தள்ளிப் போய்க் கொண்டுவந்தார்கள்.

இதைக் கவனித்தவர்கள் அப்போதே இருந்தார்கள். மஸ்கட்டீனுக்குச் சற்று மேலே ஃபேர்போர்ட்டில் அரசு 1908-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தது. சிப்பிக் குஞ்சு தானாகப் பிழைக்காது. பிறந்ததும் ஒரு மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டு சில வாரம் இருந்தால்தான் அது சிப்பியாகும். எல்லா மீனும் எல்லாச் சிப்பிக்கும் ஆகாது. ஃபேர்போர்ட்காரர்கள் மீன்களில் குஞ்சுகளை ஒட்டவைத்து ஆற்றில் விட்டுப் பார்த்தார்கள். அருமையான விஞ்ஞானம், ஆனால் வெட்டும் வேகத்துக்கு முன் நிற்க முடியவில்லை. 1913-இல் கீழே கியோகக்கில் மிசிசிப்பியின் குறுக்கே அணை வந்தது. கடல் பக்கமிருந்து ஏறிவரும் ஒரு ஹெர்ரிங் வகை மீன் அதற்கு மேல் வர முடியாமல் போயிற்று. பட்டனுக்கு மிகவும் விரும்பப்பட்ட எபனிஷெல் சிப்பி அந்த மீனை நம்பித்தான் இருந்தது. அணைக்கு மேலே இருந்த கிழட்டுச் சிப்பிகள் குஞ்சு பொரித்தும் பிரயோஜனமில்லை. ஒரு தொழில் மடிந்தது என்று சொல்லும்போது நாம் சந்தையை மட்டும் பார்க்கிறோம். மஸ்கட்டீன் விஷயத்தில் ஆற்றின் அடிமண்ணைப் பார்க்காமல் கணக்கு முடியாது. ஹிக்கின்ஸ் ஐ என்ற சிப்பியை 1976-இல் அழியும் இனமாக அறிவித்தார்கள். இன்று அதே பழைய வித்தையில், மீன் செவுளில் ஒட்டவைத்து, மேல் மிசிசிப்பியில் மறுபடி வளர்க்கிறார்கள்.

போப்பிள் கைத்தொழில்காரர், மிஷின்களை விரும்பவில்லை. தன் கம்பெனியிலிருந்தே வெளியேற வேண்டி வந்தது. கடைசியில் சிப்பிகளைக் காப்பாற்றும் அரசு வேலைக்கே போனார். ஆற்றில் சிப்பி ஓடு காலைக் கிழித்து, ரத்தம் விஷமாகி 1912-இல் இறந்தார்.

வேறு வரலாறு உண்டா என்று கேட்டீர்கள். என்னைக் கேட்டால் பட்டனைவிடப் பெரியது உண்டு. அலெக்சாண்டர் கிளார்க் என்ற கறுப்பின முடிதிருத்துநர் 1842-இல் இந்த ஊருக்கு வந்தார். நீராவிப் படகுகளுக்கு விறகு விற்றுச் சம்பாதித்தார். 1867-இல் அவர் மகள் சூசனை வெள்ளையர் பிள்ளைகள் படிக்கும் பள்ளி சேர்க்க மறுத்தது. கிளார்க் வழக்குப் போட்டார். நிறத்தைக் காட்டி ஒரு பிள்ளையைத் தனிப் பள்ளிக்கு அனுப்ப முடியாது என்று 1868-இல் அயோவா உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாட்டின் உச்ச நீதிமன்றம் அதைச் சொல்ல 1954 ஆயிற்று, 86 வருடம் கழித்து. பிற்பாடு கிளார்க் சட்டம் படித்தார், லைபீரியாவுக்கு அமெரிக்கத் தூதராகப் போய் அங்கேயே 1891-இல் காலமானார். உடலை மஸ்கட்டீனுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

அடுத்த முறை அந்த வழியாகப் போனால் இரண்டாவது தெருவில் இருக்கும் பட்டன் அருங்காட்சியகத்தைப் பாருங்கள். அங்கிருந்து மூன்றாவது தெரு பக்கம்தான், கிளார்க் கட்டிய வீடு இன்னும் நிற்கிறது. பேரனை இரண்டுக்குமே கூட்டிப்போங்கள்.