ஏஆர் ஹெட்செட் கேலிப்ரேஷன் (அளவுத்திருத்தம்): கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: 2 மீட்டரில் இருக்கும் நிஜப் பெட்டிமேல் ஹெட்செட் காட்டும் கணினி உருவம் கச்சிதமாகப் பொருந்துகிறது. கைக்கெட்டும் தூரத்தில் விலகுகிறது. ஏன் சார்?

பதில்: உங்கள் கண் எங்கே இருக்கிறது என்பதை ஹெட்செட் தப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது. மாயத்திரை, அதாவது ஹெட்செட் வழியே எதிரில் மிதப்பதுபோல் தெரியும் திரை, 2 மீட்டரில் தெரிகிறது என்று வையுங்கள். கண் 2 மி.மீ. பக்கவாட்டில் தள்ளியிருந்தால், 2 மீட்டரில் உள்ள பொருளில் பிழையே தெரியாது. அரை மீட்டரில் 1.5 மி.மீ. விலகும். 10 மீட்டரில் 8 மி.மீ. விலகும், ஆனால் கோணமாகப் பார்த்தால் பக்கத்தில் இருப்பதுதான் கண்ணை உறுத்தும். ஹெட்செட்டின் கேமராவோ திரையோ திரும்பிப் பொருத்தப்பட்டிருந்தால் கதை வேறு. 1 டிகிரி பிசகு 2 மீட்டரில் 3.5 செ.மீ. ஆகும், அதில் பாதி தூரத்தில் பாதி. எனவே ஒரே தூரத்தில் வைத்துச் சரிபார்க்காதீர்கள். மூன்று தூரமாவது வேண்டும்.

கேள்வி: இரு கண்மணிகளின் இடைவெளிக்கு 63 மி.மீ. போட்டால் போதுமா?

பதில்: அது பெரியவர்களின் சராசரியை ஒட்டிய எண், உங்கள் எண் அல்ல. அளந்து போடுங்கள். போட்டாலும் கண்ணின் உயரமும் ஆழமும் பாக்கி நிற்கும்.

கேள்வி: சதுரங்கக் கட்டத்தைத் தாளில் அச்சடித்து கேமராவைச் சரிசெய்தேன். பிழை 0.1 பிக்சல்தான். இனி கவலையில்லையே?

பதில்: எத்தனை படம் எடுத்தீர்கள்? ஐந்தாறு படம் என்றால், அவற்றோடு மட்டும் கணக்கு ஒத்துப்போயிருக்கும். கணக்கில் சேர்க்காத படங்களில் சோதியுங்கள். தாள் வளையும், கண்ணாடியில் ஒட்டுங்கள். அச்சு இயந்திரம் அளவைச் சுருக்கியிருக்கும், கட்டத்தை வெர்னியரால் அளந்து பாருங்கள்.

கேள்வி: ஸ்பாம் (SPAAM) முறையில், திரைக் குறியை நிஜப் புள்ளியோடு தலையை அசைத்துப் பொருத்த, 6 புள்ளி போதும் என்கிறார்களே?

பதில்: 2000-இல் தூசெரியான், நவாப் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த முறை. கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் 11, ஒரு புள்ளி 2 சமன்பாடு தரும், ஆகவே 6 என்பது கணிதத்தின் கீழ்வரம்பு. தலை ஆடும் மனிதருக்கு அது போதாது. இருபது எடுங்கள், அருகும் தொலைவுமாகப் பரப்பி. ஒரே தளத்தில் எடுத்தால் கணக்கே நிற்காது.

கேள்வி: இந்த வேலையெல்லாம் எதற்கு? கண்ணைப் பார்க்கும் கேமரா இருந்தால் தானாகவே முடிந்துவிடும்.

பதில்: 2014-இல் யூட்டா இட்டோ, குட்ருன் கிளிங்கர் என்ற ஆய்வாளர்கள் அப்படிச் செய்து காட்டினார்கள். நல்ல வழிதான். ஆனால் அந்தக் கேமராவை யார் கேலிப்ரேட் செய்வது?

அதே நண்பர்: தொழிற்சாலையில் ஒருமுறை செய்தால் போதுமே!

பதில்: ஹெட்செட்டின் சட்டகம் சூடாகும், வளையும். கண்ணும் ஒத்துழைக்காது. கண்மணி நோக்கும் திசையும் நீங்கள் உண்மையில் பார்க்கும் திசையும் சுமார் 5 டிகிரி வேறுபடும், அது ஆளுக்கு ஆள் மாறும்.

அதே நண்பர்: எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது.

பதில்: எந்தத் தூரத்தில்?

கேள்வி: தலையைத் திருப்பினால் உருவம் நழுவுகிறது, நின்றால் சரியாகிறது.

பதில்: அது தாமதம். நொடிக்கு 100 டிகிரி வேகத்தில் 20 மில்லிசெகண்ட் என்றால் 2 டிகிரி. தலையசைவை அளக்கும் சென்சாருக்கும் கேமராவுக்கும் உள்ள நேர வித்தியாசத்தைத் தேடுங்கள்.

கேள்வி: மாட்டினால் தலை வலிக்கிறது.

பதில்: கண் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: தூரத்தில் சரி, பக்கத்தில் விலகுகிறது...

பதில்: முதல் பதில். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

அதே நண்பர்: அரை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் விலகுகிறது.

பதில்: கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள். விலகல் மாறினால் சொல்லுங்கள், பேசுவோம்.