பெனடிக்டின் மடத்தில் நாலு நாள்: கேளுங்கள், சொல்கிறேன்

குளித்தலைக்குப் பக்கத்தில், தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் இருக்கிறது சச்சிதானந்த ஆசிரமம். சாந்திவனம் என்றால்தான் பலருக்கும் தெரியும். புனித பெனடிக்டின் ஒழுங்குமுறைப்படி வாழும் கத்தோலிக்கத் துறவிகளின் மடம், அதாவது பெனடிக்டின் மடம். இருபது வருடமாக அங்கே போய்வருகிறேன். வெளிநாட்டில் வேலை பார்த்தபோது ஐரோப்பாவில் இரண்டு மூன்று பெனடிக்டின் மடங்களிலும் தங்கியிருக்கிறேன். நான் குருவும் இல்லை, துறவியும் இல்லை, போய்த் தங்குகிறவன் அவ்வளவுதான். அதனால் தங்குவது பற்றிக் கேளுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு சகோதரி: தியானம் (ரிட்ரீட்) என்றால் எனக்குத் தெரிந்தது காலை முதல் இரவு வரை பிரசங்கம், பாட்டு, கடைசி நாள் கவுன்சிலிங். அங்கும் அப்படித்தானா?

இல்லைங்க. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதே இதுதான். பெனடிக்டின் மடத்தில் உங்களுக்காக நிகழ்ச்சி எதுவும் போடமாட்டார்கள். துறவிகள் நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நடத்துகிற ஒரு நாள் இருக்கிறது. மணி அடித்தால் ஜெபம், அப்புறம் வேலை, வாசிப்பு, சாப்பாடு, மறுபடி ஜெபம். அந்த நாளுக்குள் உங்களுக்கும் ஒரு பாய் போட்டுக் கொடுக்கிறார்கள். சில மடங்களில் யாராவது வந்து உரை நடத்துவதும் உண்டுதான். ஆனால் அதை நம்பிப் போகாதீர்கள்.

முதல் தடவை நான் மூன்று புத்தகமும் ஒரு புது நோட்டும் கொண்டுபோனேன். முதல் நாள் பரவசம். இரண்டாம் நாள் மத்தியானம் தாங்க முடியவில்லை. தென்னை மரங்களை எண்ண ஆரம்பித்தேன், எண்ணிக்கை தவறி மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். அன்று சாயங்காலம் குளித்தலையில் பஸ் ஏறியிருப்பேன், பையில் ஈரத்துணி இருந்ததால் ஏறவில்லை. மூன்றாம் நாள்தான் மணியடித்ததும் கால் தானாக நடந்தது. அதனால்தான் யார் கேட்டாலும் குறைந்தது மூன்று இரவு என்கிறேன். ஞாயிறு பூசைக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு கிளம்புவது சுற்றுலா.

இன்னொன்று, காவிரியில் இறங்காதீர்கள். கரை அழகாக இருக்கும், தண்ணீர் முழங்கால் அளவு என்று தோன்றும், மணல் அள்ளிய பள்ளம் கண்ணுக்குத் தெரியாது.

சென்னையிலிருந்து: கட்டணம் எவ்வளவு? ஏசி உண்டா?

எழுதிக் கேளுங்கள். ஏசி எதிர்பார்க்காதீர்கள்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு தம்பி: அங்கே ஒரு பிரதர் என்னிடம் பேசவே இல்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் ஏதாவது தப்பு செய்தேனா?

ஒன்றும் செய்யவில்லை. ஆசீர்வாதப்பர், அதாவது புனித பெனடிக்ட், 6ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்குமுறையில் 73 அதிகாரங்கள். அதில் 53ஆவது விருந்தினர் பற்றியது. வருகிற விருந்தினர் எல்லோரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று தொடங்கும், எல்லோரும் மேற்கோள் காட்டும் வரி அது. அதே அதிகாரத்தின் கடைசியை யாரும் சொல்வதில்லை: அனுமதி இல்லாத துறவி விருந்தினரோடு பேசக்கூடாது, பார்த்தால் பணிவாக வணங்கி, ஆசி கேட்டு, பேச அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். உபசரிக்க ஒருவர், மற்றவர்கள் தங்கள் வழியில். இன்று இதை அப்படியே கடைப்பிடிக்கும் மடங்கள் குறைவு, ஆனாலும் அந்தப் பழக்கத்தின் வாசனை போகவில்லை. தம்பிக்குப் பேச வேண்டுமென்றால் விருந்தினர் பொறுப்பாளரிடம் நேரம் கேளுங்கள்.

38ஆவது அதிகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். சாப்பிடும்போது ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் மௌனம். யாரும் வாய்விட்டு எதையும் கேட்க வேண்டிய நிலை வராதபடி ஒருவருக்கொருவர் பரிமாற வேண்டும். ஐரோப்பாவில் ஒரு மடத்தில் சூப்பில் உப்பே இல்லை. நான் தலையைத் திருப்பக்கூட இல்லை, கண்தான் மேசையில் தேடியது. எதிரே இருந்த எண்பது வயதுக் கிழவர், தன் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, உப்புக் குப்பியை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார்.

கோயம்புத்தூரிலிருந்து: கட்டணம், அறை வசதி பற்றிச் சொல்லவும்.

மேலே பாருங்கள்.

தூத்துக்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்: நான் போனேன். கோபுரம், ஆரத்தி, ஓம், சாயங்காலம் நெற்றியில் விபூதி. மனசுக்கு ஒப்பவில்லை. இது கத்தோலிக்க மடம்தானா?

கத்தோலிக்க மடம்தான், டீச்சர். 1950இல் பிரெஞ்சுக்காரர் இருவர் தொடங்கினார்கள். ஒருவர் ஜூல் மொன்ஷானென் என்ற குரு. இன்னொருவர் ஆன்றி லெ சோ, பிரிட்டனியில் ஒரு பெனடிக்டின் மடத்துத் துறவி, பின்னாளில் அபிஷிக்தானந்தா. 1968இல் பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேய பெனடிக்டின் துறவி வந்து பொறுப்பேற்றார். 1980களில் கமால்டோலி பெனடிக்டின் சபையோடு இணைந்தது. அந்தச் சபை 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ரொமுவால்ட் தொடங்கியது, தனிமைத் தவமும் கூட்டு வாழ்வும் சேர்ந்தது. அங்கே வெள்ளை உடுப்பு, இங்கே காவி.

காலையில் சந்தனம், மதியம் குங்குமம், மாலையில் விபூதி. ஜெபத்தில் திருப்பாடல்களோடு உபநிடத வாசகமும் தமிழ் பக்திப் பாடலும் வரும். ஆரத்தியை ரோமே 1969இல் இந்தியத் திருச்சபைக்கு அனுமதித்தது. விபூதிக்கு மட்டும் ஒன்று கேட்கிறேன். தவக்காலம் தொடங்கும் புதன்கிழமையை உங்கள் பங்கில் என்னவென்று அறிவிக்கிறார்கள்? திருநீற்றுப் புதன். எங்கள் பாட்டி விபூதிப் புதன் என்பாள். பூசை, தேர், கொடியேற்றம் எல்லாம் எங்கிருந்து வந்த சொற்கள்?

மனசுக்கு ஒப்பாவிட்டால் பூசிக்கொள்ள வேண்டாம். தட்டு வரும்போது கைகூப்பினால் போதும், யாரும் கேட்கமாட்டார்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு ஐயா: டீச்சருக்குச் சொன்ன பதிலே எங்கள் குற்றச்சாட்டுக்குச் சாட்சி. ஆசிரமம், காவி, கோபுரம், உபநிடதம் எல்லாம் எங்களுடையவை. ஆள் பிடிக்கப் போட்ட வேஷம் இது.

ஐயா, இது இரண்டு கேள்வி. பிரித்துக்கொள்கிறேன்.

ஆள் பிடிக்கவா? அப்படியென்றால் இவ்வளவு மோசமாக ஆள் பிடித்தவர்கள் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். தொடங்கிய இருவரின் காலத்தில் அவர்களோடு சேர்ந்து நிலைத்து நின்றவர் அநேகமாக யாருமில்லை. லெ சோ 1949இல் ரமணரைத் தரிசித்தார், அதன்பின் திருவண்ணாமலைக் குகைகளில் பலமுறை போய்த் தங்கினார், திருக்கோவிலூர் தபோவனத்தில் ஞானானந்த கிரியின் முன்னால் சீடனாக உட்கார்ந்தார். கடைசியில் சாந்திவனத்தை விட்டு இமயமலைப் பக்கம் போய்விட்டார். வேஷம் போடுகிறவன் வேஷத்துக்குள் இவ்வளவு தொலைந்துபோக மாட்டான்.

எங்களைக் கேட்காமல் எங்கள் சின்னங்களை எடுத்தீர்கள் என்பது வேறு வருத்தம். அதை நான் தள்ளவில்லை. சிலுவையில் ஓம் பொறிப்பது பற்றி 1980களிலேயே பீட் கிரிஃபித்ஸோடு காரசாரமாக விவாதித்திருக்கிறார்கள், அதில் உங்கள் தரப்பில் வலுவான வாதங்கள் உண்டு. ஓம் ஒரு மரபின் மந்திரம், அலங்காரம் இல்லை. அங்கே உட்கார்ந்து கேட்கும்போது அது அலங்காரமாக ஒலிக்கவில்லை என்பது மட்டும் என் அனுபவம். அதை வைத்து உங்களை ஒத்துக்கொள்ளச் சொல்ல முடியாது.

மறுபடி தூத்துக்குடி டீச்சர்: அப்படியென்றால் நானும் ஐயாவும் ஒரே கட்சியா? இந்தப் பழக்கத்தை ஆரம்பித்துவைத்தவர் தத்துவபோதகர்தான், அந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி.

ஒரே கட்சிதான், டீச்சர், எதிரெதிர் வாசலில் நிற்கிறீர்கள். தத்துவபோதகர் 1606இல் மதுரைக்கு வந்து குடுமி, பூணூல், சந்தனம் எல்லாவற்றையும் ஏற்றபோது எதிர்த்தவர்கள் அவருடைய சபைக்காரர்களே. 1623இல் போப் 15ஆம் கிரகோரி அனுமதித்தார். ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். அவருக்கு அது மறைபரப்பும் வழி, ஒளிக்கவில்லை. சாந்திவனத்துக்காரர்களுக்கு அது தாங்களே கற்றுக்கொள்ளும் வழி. இரண்டையும் ஒரே கூடையில் போட்டால் நீங்களும் ஐயாவும் சந்தோஷப்படலாம், நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

கும்பகோணம் ஐயா: "கற்றுக்கொள்ளும் வழி" என்றால் குருவிடம் வந்து கற்றுக்கொள்ளட்டுமே. தனியாக எதற்குக் கோபுரம்?

நல்ல கேள்வி, பதில் என்னிடம் இல்லை. அந்தக் கோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் கருவறை நம் கோயில்களைப் போலவே இருட்டு. தீபம் காட்டும்போதுதான் உள்ளே இருப்பது தெரியும். டீச்சரும் நீங்களும் ஒருநாள் சேர்ந்து போய்வந்தால் நான் சாப்பாடு போடுகிறேன். இத்தோடு இதை விடுவோம், பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

வவுனியாவிலிருந்து: இலங்கையில் பெனடிக்டின் மடம் இருக்கோ? ஒடுக்கத்துக்கு (தியானத்துக்கு) போக விருப்பம்.

கண்டி, அம்பிட்டியில் சில்வெஸ்திரின் என்ற பெனடிக்டின் கிளைத் துறவிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதிக் கேளுங்கோ.

ஜெர்மனியிலிருந்து: இங்கேயே போகலாமா?

ஐயோ, உங்களுக்கா பஞ்சம். பாய்ரோன், மரியா லாக், சாங்க்ட் ஒட்டீலியன் எல்லாம் அங்கேதானே. பாடும்போது மட்டும் கவனம். திருப்பாடலின் ஒவ்வொரு வரியும் நடுவில் ஒரு நொடி நிற்கும். நான் நிற்காமல் பாடி, அந்த நிசப்தத்தில் தமிழ் உச்சரிப்பில் லத்தீன் தனியாக ஒலித்தது.

சேலத்திலிருந்து: "ஜெபித்திடு, உழைத்திடு" என்று பெனடிக்ட் சொன்னாரே, அதன்படி வேலை கொடுப்பார்களா?

அந்த வாசகம் அவர் எழுதிய ஒழுங்குமுறையில் எங்கும் இல்லை, பின்னால் வந்த முழக்கம். சோம்பல் ஆன்மாவின் பகை என்று 48ஆவது அதிகாரம் சொல்கிறது, அது அவருடையது. வேலை உண்டு. சாந்திவனத்தில் காய் நறுக்கக் கூப்பிடுவார்கள். போங்கள், அந்த வட்டத்தில்தான் பேச்சு வரும்.

ஈரோட்டிலிருந்து: கிறிஸ்தவர் அல்லாதவர், பெண்கள் தங்கலாமா?

தங்கலாம். நற்கருணை மட்டும் கத்தோலிக்கருக்கு.

திருப்பூரிலிருந்து: கட்டணம் எவ்வளவு சார்?

எழுதிக் கேளுங்கள். எழுதாமல் பெட்டியோடு போய் நிற்காதீர்கள். மூன்றாவது முறை சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து: ஆற்றில் குளிக்கலாமா?

பக்கத்து ஊர்க்காரர் நீங்களே கேட்டால் எப்படி? கூடாது. நீச்சல் தெரிந்தாலும் கூடாது.

மறுபடி மதுரைச் சகோதரி: எழுதினேன், பதில் வந்துவிட்டது. நாலு இரவு. திருச்சியிலிருந்து கரூர் பஸ் ஏறினால் சரிதானே? என்ன எடுத்துப் போகட்டும்?

சரிதான். குளித்தலை ஸ்டேஷனும் இருக்கிறது, ரயிலிலும் வரலாம். டார்ச், கொசுவத்தி, தரையில் சம்மணமிட்டு உட்காரத் தோதான பருத்தி உடை, ஒரு சால்வை. புத்தகம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். கத்தி வேண்டாம், அங்கேயே தருவார்கள். முருங்கைக்காய் வந்தால் நார் எடுத்துவிட்டு நறுக்குங்கள், போன தடவை நான் எடுக்காமல் நறுக்கி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.