குறட்டைக்குப் பல் ஸ்கான் போதுமா?

கேள்வி: எங்கட இவர் நெல் லொறி ஓடுகிறார். இரவில் பெரிய குறட்டை. இடையில் மூச்சு நின்றமாதிரி இருக்கும், பிறகு திணறிக்கொண்டு எழும்புவார். ஞானப்பல் பிடுங்கப் போன இடத்தில் முப்பரிமாண ஸ்கான் எடுத்துவிட்டு, "மூச்சுப்பாதை ஒடுக்கம், இது நித்திரை மூச்சுத்தடைதான், வாய்க்குள் போட ஒரு கருவி செய்வோம்" என்கிறார்கள். செய்யலாமா?
- வாசகி, மாங்குளம்

பதில்: கொஞ்சம் பொறுங்கள் தங்கச்சி. கருவிக்குக் காசு கட்ட முதல் நித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். சிபிசிடி என்கிற அந்த ஸ்கானை எடுக்கும்போது அவர் முழித்தபடி, அநேகமாக நிமிர்ந்து இருந்தோ நின்றோதான் இருந்திருப்பார். அவருக்குப் பிரச்சினை வருவதோ படுத்து, தசையெல்லாம் தளர்ந்து, நாக்குப் பின்னால் சரிகிற நேரத்தில். மெஷின் தலையைச் சுற்றிவரும் அந்தச் சில விநாடிகளில் எச்சில் விழுங்கினாலோ நாடியைக் கொஞ்சம் உயர்த்தினாலோகூட அளவு மாறிவிடும். கணினியில் பாதையை நிறம் நிறமாகக் காட்டி, சிவப்பாக உள்ள இடத்தைத் தொட்டு "இதுதான் ஒடுக்கம்" என்று சொன்னால் யாருக்கும் நெஞ்சு பதறும்தான், ஆனால் ஒடுங்கிய பாதையோடு நிம்மதியாக நித்திரை கொள்கிறவர்களும் இருக்கிறார்கள், அகலமாகத் தெரிகிறவருக்கும் இந்த வருத்தம் இருக்கலாம். அமெரிக்காவின் பல் சீரமைப்பு நிபுணர் சங்கமே 2019இல், இந்தப் படத்தை வைத்து வருத்தத்தை முடிவு செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டது.

முடிவு சொல்வது நித்திரைப் பரிசோதனைதான். விரலில் ஒக்சிசன் பார்க்கும் கிளிப், மூக்கடியில் சின்னக் குழாய், நெஞ்சில் பட்டி, தலையில் வயர்கள் என்று பூட்டி, ஒரு இரவு முழுக்கப் பதிவார்கள். குறைந்தது 10 விநாடி மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு எத்தனை தடவை என்பதுதான் கணக்கு: 5க்குக் கீழே என்றால் சரி, 15 வரை லேசு, 30ஐத் தாண்டினால் கடுமை. பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கோ நெஞ்சு டொக்டரிடமோ போங்கள். போகும்போது அவர் குறட்டை விடுவதைப் போனில் வீடியோ எடுத்து, பிரசர், சீனி வருத்தம் இருந்தால் கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள்.

எடுத்த படம் வீணில்லை. மூக்கு நடுத்தண்டு வளைவு, தாடை எலும்பின் அமைப்பு, தாடை மூட்டு எல்லாம் அதில் தெரியும், பின்னர் தாடைச் சத்திரசிகிச்சை என்று வந்தாலும் உதவும். கருவியும் மோசமானதல்ல: கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்துப் பிடித்து வழியைத் திறந்து வைக்கும். லேசான, நடுத்தர நிலைக்குப் பலருக்குக் கைகொடுக்கிறது, ஆனால் பிடித்து நிற்க உறுதியான பற்கள் வேண்டும், போட்ட பிறகும் பரிசோதனை திரும்பச் செய்து பார்க்க வேண்டும். கடுமை என்றால் முதலில் சொல்வது காற்றழுத்த முகமூடி, அதாவது நித்திரையில் காற்றை அழுத்தி ஊதி மூச்சுவழியைத் திறந்து வைக்கிற மெஷின். 1981இல் சிட்னியில் டொக்டர் கொலின் சலிவன் குழு அறிமுகப்படுத்தியது, இன்றும் முதன்மையான சிகிச்சை அதுதான்.

அப்புறம் ஒன்று, இதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். ஏ9இல் ஓமந்தை தாண்டி வருகிற நேர் றோட்டில் கண் சொக்கினால் ஜன்னலைத் திறப்பதும் பிளேன்ரீ குடிப்பதும் காணாது, லொறியை ஓரங்கட்டிப் படுத்துவிட வேண்டும். பரிசோதனை முடிவு வரும்வரை இரவு ஓட்டம் வேண்டாம். படுக்க முதல் சாராயமும் வேண்டாம், அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும்.

கேள்வி: ஆறு வயது மகன் வாயைத் திறந்தபடி குறட்டை விடுகிறான். அவனுக்கும் இந்த ஸ்கான் எடுப்பதா?
- வாசகர், நெடுங்கேணி

பதில்: இப்போது வேண்டாம். பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சின் பாதிப்பு பெரியவர்களைவிடக் கூட, அதனால் தேவையில்லாமல் எடுப்பதில்லை. இந்த வயதில் பெரும்பாலும் உள்நாக்குப் பக்கத்து டொன்சிலும் மூக்குக்குப் பின்னால் வளரும் அடினொயிட்டும்தான் காரணம், அதைக் காது மூக்கு தொண்டை டொக்டர் நேரே பார்ப்பார். படுக்கையில் சலம் போகிறானா, வகுப்பில் தூங்கி வழிகிறானா என்று கவனித்துச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் கணக்கும் வேறு: மணிக்கு ஒரு தடவை நின்றாலே கவனிக்க வேண்டும்.