இளம் வயதில் மூளை ரத்தக்கசிவு: "காரணம் தெரியவில்லை" என்றால் அத்தோடு விடலாமா?

பிபி இல்லை, சர்க்கரை இல்லை, முப்பது வயதுகூட ஆகாதவருக்கு மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது. ஸ்கேன் எல்லாம் எடுத்தும் காரணம் தெரியவில்லை என்கிறார்களே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. என் தம்பிக்கு இது வந்தது. பக்கத்திலேயே இருந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதல் வாரத்தில் சொல்லப்படும் "தெரியவில்லை"யை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கசிந்த ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும்போது பக்கத்தில் இருக்கும் சின்ன ரத்தக்குழாய்களை அழுத்தி மூடிவிடும். அந்த நிலையில் ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்களில் சாயமருந்து செலுத்தி எடுக்கும் படம்) எடுத்தால் கோளாறு உள்ள குழாயில் அந்த மருந்து பாயாது, படத்திலும் வராது. தம்பிக்கு அப்படித்தான் ஆனது. முதல் படத்தில் ஒன்றுமில்லை. சில மாதம் கழித்து, கட்டி கரைந்தபிறகு மறுபடி எடுத்ததில் சின்னதாக ஒரு ஏவிஎம் தெரிந்தது. தமனியும் சிரையும் நடுவில் நுண்குழாய்கள் இல்லாமல் நேரடியாகப் பின்னிக்கிடக்கும் கோளாறு அது. தமனியின் வேகத்தைத் தாங்காமல் மெல்லிய சுவர் கிழிகிறது. கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் பதறுகிறது. ஏவிஎம் கசியும் வாய்ப்பு ஆண்டுக்குச் சுமார் 2 முதல் 4 சதவீதம். ஒருமுறை கசிந்திருந்தால் அதைவிட அதிகம்.

எந்தப் படம் எடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். சிடி ரத்தத்தைக் காட்டும், காரணத்தைப் பல நேரம் காட்டாது. கேவர்னோமா என்ற குழாய்க்கட்டி ஆஞ்சியோகிராமில் தெரியாது, எம்ஆர்ஐ வேண்டும். மிகச் சின்ன ஏவிஎம்மைப் பிடிக்க, தமனி வழியே குழாய் செலுத்தி எடுக்கும் டிஎஸ்ஏதான் நம்பகமானது.

பெண்கள் விஷயத்தில் இன்னொன்று. பிரசவத்துக்குப் பிறகோ கருத்தடை மாத்திரை எடுக்கும்போதோ மூளையின் சிரையில் ரத்தம் உறைந்து அடைத்து, அதனாலும் கசிவு வரும். அதற்கு, கசிவு இருக்கும்போதே, உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் கொடுப்பார்கள். கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் அடைப்பைச் சரிசெய்யும் முறையான சிகிச்சை அதுதான். அதனால் மாத்திரை விவரத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

கொக்கைன், ஆம்ஃபெடமின் போன்ற போதைப்பொருளாலும் கசியும். அம்மா அப்பா நிற்கும்போது எந்தப் பிள்ளையும் இதைச் சொல்லாது. மருத்துவரோடு தனியாகப் பேச விட்டு வெளியே வாருங்கள். மானத்தைவிட உயிர் பெரிது.

எல்லாம் பார்த்தும் எதுவும் கிடைக்காதவர்களும் உண்டு. மூளைத்தண்டுக்கு முன்பக்கம் மட்டும் ரத்தம் தேங்கும் ஒரு வகையில், ஆஞ்சியோகிராம் சுத்தமாக இருந்தால் மறுபடி கசிவது மிக அரிது. எனவே ரத்தம் எந்த இடத்தில் கசிந்தது என்று அவசியம் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே மறு ஸ்கேனுக்குத் தேதி வாங்கிவிடுங்கள். பையன் நடக்கிறான், பேசுகிறான் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் அது தேவையில்லை என்று தோன்றிவிடும். எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு வந்தது, நான் விடவில்லை. இடையில் திடீரென்று, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் தலைவலியோ வலிப்போ ஒருபக்கம் மரத்துப்போவதோ வந்தால் ஆஸ்பிரின் எதுவும் கொடுக்காமல் நேராக அவசரச் சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.