பலருக்கும் பெயர் தெரியாத, ஆனால் நீங்கள் நன்றிக்கடன் பட்டிருக்கும் மருத்துவ ஆய்வாளர் யார்?

எனக்கு இரண்டு பேர். ஒருவர் ஸ்வீடனைச் சேர்ந்த நன்னா ஸ்வார்ட்ஸ் அம்மையார். இன்னொருவர் வங்கதேசத்து மருத்துவர் அசாத் கான்.

முதலில் என் கதை. மலத்தில் ரத்தம் வந்தபோது 'மூலம்தான், சூடு' என்றார்கள். அம்மா வாரம் மூன்று நாள் கருணைக்கிழங்கு மசியல் செய்து போட்டாள். ஒரு மருத்துவரும் தொட்டுக்கூடப் பார்க்காமல் மூலத்துக்கே மருந்து எழுதினார். எட்டு மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாளைக்குப் பத்து தடவை கழிப்பறைக்கு ஓட ஆரம்பித்த பிறகுதான் கொலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை, எடுத்தார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். அதாவது பெருங்குடலின் உள்சுவர் புண்ணாகி அழன்றுகொண்டே இருக்கும் நோய். வரும், அடங்கும், மறுபடி வரும்.

முதலில் கொடுத்த மாத்திரை சல்ஃபாசலசீன். மஞ்சள் மாத்திரை, கூடவே ஒரு ஃபோலிக் ஆசிட். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. முதல் நாள் பார்த்துவிட்டு, சரி, சிறுநீரகமும் போச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த மாத்திரையைத் தேடிப் படித்தபோதுதான் ஸ்வார்ட்ஸின் பெயர் கிடைத்தது.

1937இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் மருத்துவப் பேராசிரியரானவர். ஸ்வீடனின் அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியரான முதல் பெண். அவர் துரத்தியது குடல் நோயை இல்லை, முடக்குவாதத்தை, அதாவது மூட்டுகள் வீங்கி வலிக்கும் நோயை. அது கிருமியால் வருகிறது என்று நம்பினார். அதனால் கிருமியைக் கொல்ல ஒரு சல்ஃபா மருந்து, வீக்கத்தைத் தணிக்க ஆஸ்பிரினின் உறவான ஒரு சாலிசிலேட், இரண்டையும் ஒரே மூலக்கூறாகப் பிணைக்கும் யோசனை அவருக்கு வந்தது. ஃபார்மேசியா என்ற மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர்கள் செய்து கொடுத்தார்கள். மூட்டு நோயோடு பெருங்குடல் அழற்சியும் இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது வயிற்றுப்போக்கும் குறைந்தது. 1942இல் அதை வெளியிட்டார். கிருமிக் கணக்கு தப்பு, முடக்குவாதம் தொற்றுநோயே இல்லை. ஆனால் மருந்து வேலை செய்தது! எனக்கு இந்த அம்மையாரைப் பிடித்துப்போனது இதனால்தான். தன் கணக்குக்குள் அடங்காததையும் கண்ணை மூடிக்கொள்ளாமல் பார்த்திருக்கிறார்.

எனக்கோ அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. தலைவலி, குமட்டல், சாப்பாட்டு வாசனையே ஆகவில்லை. இரண்டாவது மாதம் குடல் மருத்துவர் மெசலமைனுக்கு மாற்றினார். மாத்திரையோடு, இரவில் படுக்கும்முன் எனிமாவும். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, கீழே பழைய துண்டை விரித்து, முனையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு... அப்புறம் அசையாமல் கிடக்க வேண்டும். தும்மல் வந்தால் தொலைந்தோம்.

அசாத் கான் இங்கேதான் வருகிறார். சல்ஃபாசலசீனின் இரண்டு பாதிகளில் எது குணப்படுத்துகிறது என்பது முப்பது வருடத்துக்கு மேல் தெரியாமலே இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் சிட்னி ட்ரூலவ் என்ற மருத்துவரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த கான் இந்தக் கேள்வியை எடுத்தார். பாதிகளைத் தனித்தனி மாத்திரையாகக் கொடுத்தால் சோதனை பலிக்காது, சிறுகுடலே இரண்டையும் உறிஞ்சிவிடும், பெருங்குடலுக்கு எதுவும் போய்ச் சேராது. அதனால் எனிமாவாகவே கொடுத்தார்கள். சிலருக்கு முழு மருந்து, சிலருக்கு சல்ஃபா பாதி, சிலருக்கு சாலிசிலேட் பாதி. கொடுப்பதற்கு முன்னும் பின்னும் குடல் சதையை எடுத்துப் பார்த்தார்கள். சாலிசிலேட் பாதி முழு மருந்துக்குச் சமமாக நின்றது. சல்ஃபா பாதி பின்தங்கியது. 1977இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது.

சல்ஃபா வெறும் தபால்காரர்தான் என்று தெரிந்தது. முழு மருந்து சிறுகுடலில் அதிகம் உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை போகிறது, அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் பிணைப்பை வெட்டுகின்றன, சாலிசிலேட் அங்கேயே தங்கி வேலை செய்கிறது. சல்ஃபாவோ ரத்தத்தில் கலந்து தலைவலியும் குமட்டலும் கொடுக்கிறது. அப்படியானால் தபால்காரர் இல்லாமலே தபாலை அனுப்ப முடியுமா? குடலின் கீழ்ப்பகுதிக்குப் போனால்தான் கரையும் பூச்சு பூசி அனுப்பினார்கள். அதுதான் நான் இப்போது விழுங்கும் மெசலமைன். அந்த எனிமாவும் அதே சாலிசிலேட்தான். துண்டை விரித்துப் படுக்கும்போதெல்லாம் ஆக்ஸ்ஃபோர்டில் அந்தச் சோதனைக்காக இதேபோல் ஒருக்களித்துக் கிடந்தவர்களை நினைத்துக்கொள்வேன்.

போன வருடம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மாவின் மருந்து டப்பாவைத் திறந்தால் அதே மஞ்சள் மாத்திரை. அவருக்கு முடக்குவாதம். மூட்டு நோயில் சல்ஃபா பாதிதான் பெரும்பாலும் வேலை செய்கிறது என்று கருதுகிறார்கள். எனக்குக் குமட்டலைக் கொடுத்த பாதி, அவருக்குக் காலையில் விரலை மடக்க உதவுகிறது. "ஒண்ணுக்கு ஆரஞ்சாப் போகுதுடா, யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல" என்றார் மெதுவாக. "எனக்கும் போச்சு பெரியம்மா, பயப்படாதீங்க" என்றேன்.