மகளின் விண்ணப்பக் கடிதமும் விடுபட்ட ‘எஸ்’ எழுத்தும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வைத்திருந்த மகளின் விண்ணப்பத்தின் போட்டோ கொப்பியும் கிடைத்தன. மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு ‘எஸ்’, அதாவது சாதாரண சித்தி, மட்டும் எடுத்த பிள்ளைக்கு நுவரெலியா ஹோட்டல் ஒன்றின் வரவேற்புப் பகுதியில் வேலை கிடைக்குமா? ஆங்கில டீச்சராக வேண்டும் என்ற ஆசையை அவள் இன்னும் வைத்திருக்கலாமா? சீட்டுப் பணத்தை எடுத்து டவுனில் இருக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குக் கட்டலாமா? கடைசிக் கேள்விதான் அவசரம் என்று தெரிகிறது, அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். இப்போதைக்குக் கட்ட வேண்டாம்.

காரணம் மகளின் கடிதத்திலேயே இருக்கிறது. வரி வரியாகப் பார்த்தேன். சொல்ல வந்ததை ஒழுங்காகச் சொல்லியிருக்கிறாள். எழுத்துக்கூட்டல் பெரும்பாலும் சரி. தேவையான சொற்கள் கையில் இருக்கின்றன. சிவப்புப் பேனாவால் நான் திருத்திய இடங்கள் நிறைய, ஆனால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வகைப் பிழை: எழுவாய் ஒரு பக்கம் நிற்கிறது, வினைச்சொல் வேறு பக்கம் போகிறது. நீங்கள் அனுப்பிய நோட்டீஸைப் பார்த்தால் அந்த வகுப்பு வணக்கம் சொல்வதிலும் நிறங்களின் பெயரிலும் தொடங்குகிறது. மகளுக்குத் தெரிந்ததையே காசு கொடுத்துத் திரும்பப் படிப்பாள், தெரியாதது அப்படியே இருக்கும்.

அவள் எழுதிய மூன்று வரிகளைக் காட்டுகிறேன். முதலாவது, ‘மை மதர் வேர்க் இன் எ டீ எஸ்டேட்’. இது ‘வேர்க்ஸ்’ என்று வர வேண்டும். இரண்டாவது, ‘மை ஃபாதர் ஆர் எ வாட்சர்’. இங்கே ‘இஸ்’ வர வேண்டும். மூன்றாவது, ‘மை சேர்ட்டிபிகேட்ஸ் இஸ் அட்டாச்ட்’. இதில் ‘ஆர்’ வர வேண்டும். பார்ப்பவருக்குக் கவனக்குறைவு போலத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

அப்பாவைப் பற்றிய வரியை எடுங்கள். வீட்டில் அவள் ‘அப்பா வந்துட்டாங்க’, ‘அப்பா வாட்சரா இருக்காங்க’ என்றுதான் பேசுவாள். மரியாதைக்காக ஒருவருக்கும் பலர்பால் வினையைப் போடுவது நம் பழக்கம். அந்த மரியாதையை ஆங்கிலத்துக்குள் கொண்டுபோனதால்தான் ‘ஆர்’ வந்தது. ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கு ஆளின் எண்ணிக்கை மட்டும்தான் கணக்கு, மரியாதை கணக்கில் இல்லை. ஜனாதிபதிக்கும் ‘இஸ்’, தோட்டத்துத் துரைக்கும் ‘இஸ்’, வீட்டு நாய்க்குட்டிக்கும் ‘இஸ்’. ‘மை ஃபாதர் இஸ்’ என்று எழுதுவது அப்பாவைக் குறைத்துச் சொல்வதாகாது என்பதை மகளிடம் நேராகச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் விடுவதால்தான் நம் பிள்ளைகள் பலர் பெரியவர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் தடுமாறுகிறார்கள்.

சான்றிதழ் வரியில் நடந்தது இதற்கு நேர்மாறு. பத்துச் சான்றிதழ் இருந்தாலும் வாயில் ‘எல்லாம் இருக்கு’ என்றுதான் வரும். தமிழ்ப் பாடப் புத்தகம் ‘இருக்கின்றன’ என்று எழுதச் சொல்கிறது, ஆனால் லயத்தில், நம் தோட்டத்து வரிசை வீடுகளில், யாரும் அப்படிப் பேசுவதில்லை. அஃறிணை என்றால் ஒன்றுக்கும் பலவற்றுக்கும் ஒரே வினைதான் பேச்சில். அதனால் பொருள்கள் எழுவாயாக வரும் இடங்களில் ‘இஸ்’ஸும் ‘ஆரும்’ அவளுக்கு ஒன்றாகத் தெரிகின்றன.

உங்களைப் பற்றிய வரியில் ‘ஸ்’ விடுபட்டதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது என்று ஆளுக்கு ஆள் வால் மாறும். ஆங்கில நிகழ்காலத்தில் ஐ, யூ, வீ, தே எல்லாவற்றுக்கும் ‘வேர்க்’ தான். ஒரே ஒரு இடத்தில், அவன், அவள், அது என்று ஒருவரையோ ஒன்றையோ சொல்லும்போது மட்டும், ‘வேர்க்ஸ்’ ஆகிறது. வேறெங்கும் மாறாத சொல் ஒரு இடத்தில் மட்டும் மாறுவதால் அது கண்ணில் படுவதில்லை. கூடவே டவுனில் அவள் பேசிப் பழகிய சிங்களமும் இருக்கிறது. ‘மம யனவா, எயா யனவா, அபி யனவா’ என்று பேச்சுச் சிங்களத்தில் வினை மாறுவதே இல்லை. இன்னொரு காரணம் நாக்கு. ‘வேர்க்ஸ்’ என்று இரண்டு மெய்யை அடுக்கி முடிப்பது நமக்குப் பழக்கமில்லாத உச்சரிப்பு, கடைசி ‘ஸ்’ விழுங்கப்பட்டுவிடும். வாயில் வராதது கையிலும் வராது.

இனி நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். எனக்கு ஏபிசிடி மட்டும்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு அதுவே போதும், உண்மையாகவே சொல்கிறேன்.

இரவு சாப்பாடு முடிந்ததும் மகளை ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். தன்னைப் பற்றி எழுதக்கூடாது. ‘ஐ’ என்று தொடங்கினால் அந்த ‘ஸ்’ ஒருபோதும் வராது, பயிற்சியும் நடக்காது. பாட்டியைப் பற்றி, தம்பியைப் பற்றி, மஸ்கெலியா பஸ்ஸைப் பற்றி, தொழிற்சாலையைப் பற்றி, பக்கத்து லயத்துப் பிள்ளைகளைப் பற்றி, தினமும் நடப்பதை நிகழ்காலத்தில் எழுதட்டும். ‘மை க்ரேண்ட்மதர் கெட்ஸ் அப் எட் ஃபைவ்’, ‘தி பஸ் கம்ஸ் லேட்’, ‘தி சில்ட்ரன் வாக் டு ஸ்கூல்’. எழுதி முடித்ததும் கொப்பியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைச்சொல்லின் கீழ் அவள் கோடு போட்டிருக்க வேண்டும். நீங்கள் தமிழில் கேளுங்கள்: ‘இது ஒருத்தரா, பல பேரா?’ ‘ஒருத்தர்’ என்றால் கோடு போட்ட சொல்லின் கடைசியில் ‘எஸ்’ எழுத்து இருக்க வேண்டும். ‘பல பேர்’ என்றால் இருக்கக்கூடாது.

இது எல்லா வினைக்கும் பொருந்துவதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். வேர்க்ஸ், கம்ஸ் மட்டுமல்ல, இஸ், ஹேஸ், டஸ், வாஸ் என்ற நான்கையும் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். எல்லாம் ‘எஸ்’ எழுத்தில் முடியும். அவற்றின் பன்மையான ஆர், ஹேவ், டூ, வேர் எதிலும் அந்த எழுத்து கடைசியில் இல்லை. பாடசாலையில் இவற்றைத் தனித்தனி அட்டவணையாக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஒரே ‘எஸ்’ என்று காட்டினால் பிள்ளை சுலபமாகப் பிடித்துக்கொள்கிறது. ‘ஐ’யும் ‘யூ’வும் விதிவிலக்கு. ஒரே ஆளாக இருந்தாலும் ‘ஐ வேர்க்’, ‘யூ வேர்க்’ தான், ‘ஐ ஆம்’, ‘யூ ஆர்’ தான். கடந்த காலத்தில் மட்டும் ‘ஐ’ ‘வாஸ்’ எடுக்கும்.

மகளைக் குழப்பும் இன்னொன்று உண்டு. பெயர்ச்சொல்லில் ‘எஸ்’ வந்தால் பன்மை, வினைச்சொல்லில் வந்தால் ஒருமை. அதனால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றில்தான் அது இருக்கும்: ‘தி கேர்ல் ரீட்ஸ்’, ‘தி கேர்ல்ஸ் ரீட்’. ‘சில்ட்ரன்’, ‘பீப்பிள்’ போன்றவை ‘எஸ்’ இல்லாமலே பன்மை. ‘நியூஸ்’, ‘மெதமெட்டிக்ஸ்’ ‘எஸ்’ஸோடு முடிந்தாலும் ஒருமை. இவை கொஞ்சம்தான், எழுத எழுதப் பழகிவிடும்.

‘கேன்’, ‘வில்’, ‘மஸ்ட்’, ‘ஷுட்’ வந்தால் அதற்குப் பின் வினையில் ‘எஸ்’ வரவே வராது. ‘டஸ்’ வந்தால் அதுவே ‘எஸ்’ஸை எடுத்துக்கொள்கிறது, அதனால் ‘டஸ் ஷீ வேர்க்?’ என்பதுதான் சரி, ‘டஸ் ஷீ வேர்க்ஸ்?’ என்பது பிழை. கடந்த காலத்தில் ‘வாஸ்’, ‘வேர்’ தவிர வேறெங்கும் இந்தத் தொல்லையே இல்லை: ‘ஷீ வேர்க்ட்’, ‘தே வேர்க்ட்’ இரண்டும் ஒன்றுதான். பிள்ளை பயப்படும் அளவுக்கு இந்தப் பாடம் பெரிதல்ல.

நீண்ட வாக்கியத்தில்தான் உண்மையான கவனம் வேண்டும். ‘தி ப்ரைஸ் ஒஃப் தி ரூம்ஸ்’ என்று எழுதியதும் கண் ‘ரூம்ஸ்’ மேல் விழுந்து ‘ஆர்’ என்று எழுதச் சொல்லும். பேசப்படுவது விலை, அறைகள் அல்ல. ஆகவே ‘இஸ்’. ‘வன் ஒஃப் மை சிஸ்டர்ஸ் வேர்க்ஸ் இன் கொலம்போ’ என்பதில் வேலை செய்பவள் ஒரு அக்காதான். ‘ஈச்’, ‘எவ்ரி’, ‘எவ்ரிவன்’ எல்லோரையும் குறிப்பது போலத் தோன்றினாலும் ஒருமை. ‘ஒஃப்’ என்ற சொல்லைக் கண்டால் அதற்கு முன்னால் இருப்பதை வட்டமிடச் சொல்லுங்கள், வினை அந்த வட்டத்தோடுதான் பேச வேண்டும். ‘எ நம்பர் ஒஃப்’ போன்ற சில மட்டும் இதற்கு அடங்காது, ‘எ நம்பர் ஒஃப்’ பன்மை. ‘தெயார்’ என்று தொடங்கினால் பின்னால் வருவதைப் பார்க்க வேண்டும்: ‘தெயார் இஸ் எ பஸ்’, ‘தெயார் ஆர் டூ பஸஸ்’. ‘ஐதர், நைதர்’, ‘டீம் இஸ்ஸா, ஆரா’ என்பதையெல்லாம் இப்போதைக்கு விட்டுவிடட்டும். பிரித்தானிய ஆங்கிலத்தில் ‘டீம்’ இரண்டையும் ஏற்கும், அதற்காக ஒரு இரவை வீணாக்கத் தேவையில்லை.

எழுதியதை அவள் சத்தமாக வாசிக்க வேண்டும். லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்குமே என்று வெட்கப்படுவாள், கேட்கட்டும். ‘வேர்க்ஸ்’ஸில் கடைசி ஒலி சீறும், ‘லிவ்ஸ்’ஸில் அதுவே அதிரும், ‘டீச்சஸ்’ஸில் ஒரு அசை கூடும். முதல் வாரம் கொஞ்சம் மிகையாக இழுத்தே சொல்லட்டும்.

ஹோட்டல் வேலைக்கு வருகிறேன். வரவேற்பு மேசையில் இருப்பவள் நாள் முழுக்கப் பேசுவது இந்த நிகழ்காலத்தைத்தான். ‘தி ரூம் ஹேஸ் ஹொட் வாட்டர்’, ‘தி ட்ரெயின் லீவ்ஸ் ஃப்ரம் நானு ஓயா’, ‘ப்ரேக்ஃபஸ்ட் ஸ்டார்ட்ஸ் எட் செவன்’. சிவனொளிபாதமலைக்கு எப்போது போகலாம் என்று வெளிநாட்டவர் கேட்டால் ‘தி சீசன் பிகின்ஸ் இன் டிசம்பர் அண்ட் எண்ட்ஸ் இன் மே’ என்று சொல்ல வேண்டும். ஆகவே வேறு எந்த வேலையிலும் தெரியாத இந்தப் பிழை இங்கே வாக்கியத்துக்கு வாக்கியம் கேட்கும். அதே காரணத்தால், இதைச் சரிசெய்த பிள்ளையின் ஆங்கிலம் நேர்முகப் பரீட்சையில் உடனே நன்றாகக் கேட்கும். ‘எஸ்’ பெறுபேறு அவளை இந்த வேலைக்குத் தகுதியற்றவளாக்காது. பெரும்பாலும் பேச்சைக் கேட்டுத்தான் எடுப்பார்கள். தங்கள் இடத்தைப் பற்றி ஒரு வெளிநாட்டவருக்குச் சொல்வது போலப் பத்துப் பன்னிரண்டு வாக்கியம் தயாரித்து, அவற்றைப் பிழையில்லாமல் சொல்லப் பழகட்டும். விருப்பம் நிலைத்தால், இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்துக்குக் கண்டியிலும் பண்டாரவளையிலும் கிளைகள் உண்டு. காசைச் செலவழிப்பதானால் அப்படிச் சான்றிதழ் தரும் பயிற்சிக்குச் செலவழியுங்கள்.

ஆங்கில டீச்சர் ஆசையை விட வேண்டாம். பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது, உங்கள் பக்கத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். கல்வியியற் கல்லூரிகளுக்கான வர்த்தமானி அறிவித்தல் வரும்போது ஆங்கிலப் பாடநெறிக்குக் கேட்கும் தகைமையை மகள் வரிக்கு வரி வாசிக்க வேண்டும், யாரோ சொன்னதை நம்பி விண்ணப்பிக்காமல் இருந்துவிடக்கூடாது. உயர்தரத்தில் பொது ஆங்கிலத்துக்கு என்ன பெறுபேறு என்று நீங்கள் எழுதவில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கு அது சேர்க்கப்படாது என்பதால் பலர் அந்தப் பாடத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் மிகுந்த வருத்தம். அவளுடைய பெறுபேற்றுத் தாளைப் பார்த்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

எதுவானாலும் சாதாரண தர ஆங்கிலத்தை மட்டும் தனியார் பரீட்சார்த்தியாகத் திரும்ப எழுதச் சொல்கிறேன். ‘எஸ்’ஸை ‘சி’ என்ற திறமைச் சித்தியாக மாற்றுவது அவளால் முடியும், ஏனென்றால் கடிதம், படத்தைப் பற்றிய வாக்கியம், ஆளைப் பற்றிய விபரம் என்று எழுதும் இடங்களில் இந்த ஒரு பிழைதான் அவளுடைய புள்ளிகளைத் தின்றிருக்கும். பரீட்சைத் திணைக்களம் இணையத்தளத்தில் விண்ணப்பம் கோரும் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். தேசிய அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் கிராம உத்தியோகத்தரிடம் இந்த வாரமே போகச் சொல்லுங்கள்.

ஹோட்டலுக்கான விண்ணப்பத்தை இன்னும் அனுப்ப வேண்டாம். திருத்திய கொப்பியை இத்தோடு அனுப்புகிறேன், ஆனால் அதைப் பார்த்து எழுத வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். மூன்று வாரம் அந்த ஐந்து வாக்கியங்களை எழுதிவிட்டு, பழைய கடிதத்தைத் தானே எடுத்து, வினைச்சொற்களுக்குக் கோடு போட்டுத் திருத்தட்டும். பிறகு என்னுடையதோடு ஒப்பிட்டு, வித்தியாசப்படும் வரிகளை மட்டும் எனக்கு எழுதி அனுப்பட்டும்.